கெஸ்ட்டின் குரலை அவர் இருக்கும் இடத்திலேயே பதியுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரி விரிவுரையாளர். தோழி ஒருவரோடு சேர்ந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறார். சந்தூர்ப் பக்கத்து மா விவசாயி, தர்மபுரிப் பகுதி நடுகற்களைத் தேடிப் பதிவு செய்யும் ஆசிரியர், பெங்களூருவில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பொறியாளர் என்று பலரையும் வாட்ஸ்அப் காலிலும் ஜூமிலும் பேட்டி எடுத்திருக்கிறார். "என் குரல் நல்லா இருக்கு. கெஸ்ட் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குன்னு கேக்கறவங்க எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர் நெட் அவ்வளவுதானோ?" என்பது அவர் குறை.

கையில் 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். நல்ல மைக்கும் கேமராவும் வாங்கலாமா, வெளிவந்துவிட்ட எபிசோடுகளை ஏஐ மென்பொருளால் சரிசெய்ய முடியுமா, கெஸ்ட் கூச்சமில்லாமல் பேசுவதற்காக அவரிடம் சொல்லாமலே ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார். அடுத்த மாதம் பென்னாகரம் பக்கத்தில் 72 வயதுத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவரைப் பேட்டி காண வேண்டும். அவர் வீட்டில் சிக்னல் சுமார். வீடியோவும் வேண்டும் என்கிறார். மூன்று எபிசோடுகளிலிருந்து ஆடியோ துண்டுகளும் அனுப்பியிருந்தார்.

சகோதரி, அந்த 25,000-இல் பெரும்பகுதியைத் தொட வேண்டியதே இல்லை. கேமரா வேண்டாம். உங்கள் மைக்கையும் மாற்ற வேண்டியதில்லை. உங்கள் குரல் நன்றாகத்தான் பதிவாகிறது. கோளாறு இருப்பது கெஸ்ட் பக்கத்தில். நீங்கள் இங்கே எவ்வளவு செலவு செய்தாலும் அங்கே ஒன்றும் மாறாது.

மூன்று துண்டுகளையும் ஹெட்போனில் கேட்டேன். மூன்றும் ஒரே குறை என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை, மூன்றும் வேறு வேறு. நெட்டைக் குறை சொல்ல வேண்டியது ஒன்றில் மட்டும்தான்.

மா விவசாயியின் குரல் நடுநடுவே உலோகச் சத்தமாகி, சில சொற்கள் பாதியில் விழுந்துவிடுகின்றன. இது நெட் செய்த வேலை. கால் போகும்போது குரல் சிறுசிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு வருகிறது. சில பொட்டலங்கள் வந்து சேராவிட்டால், ஆப் தானே ஏதோ ஒரு சத்தத்தை யூகித்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதுதான் அந்த ரோபோக் குரல். போதாததற்கு அதை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிந்திருக்கிறீர்கள். உங்கள் அறையின் எதிரொலியும் சேர்ந்துகொண்டது.

நடுகல் ஆசிரியருக்கு நெட் பிரச்சினையே இல்லை. ஒரு சொல்கூட விழவில்லை. அவர் கான்கிரீட் கூரையும் கிரானைட் தரையும் உள்ள ஹாலில், லேப்டாப்பிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேசியிருக்கிறார். லேப்டாப் மைக்குக்கு அவர் குரல் ஒரு முறையும், சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய குரல் பல முறையும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் நேர்க் குரல் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ.-லிருந்து 15 செ.மீ.-க்கு வந்தால் 12 டெசிபல். எதிரொலியின் அளவோ ஏறத்தாழ அப்படியே நிற்கும். பணம் கொடுத்து வாங்கும் எந்த மைக்கும் இந்த நெருக்கத்துக்கு ஈடில்லை.

பெங்களூருப் பொறியாளர் விலை உயர்ந்த புளூடூத் இயர்பட் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் குறை. இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான புளூடூத் இயர்பட்கள் பாட்டு கேட்க மட்டும் நல்ல தரத்தில் இயங்கும். மைக்கையும் திறந்த உடனே பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு இறங்கிவிடும். அதில் குரல் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக (அதாவது, ஒலியை அத்தனை முறை அளந்து) மட்டுமே பதிவாகிறது. நல்ல பதிவுக்கு 48,000 வேண்டும். ச, ஸ போன்ற ஒலிகளின் கூர்மை இருக்கும் மேல்பகுதி முழுக்க அறுந்து போகிறது. இருபதாயிரம் ரூபாய் இயர்பட்டானாலும் இதே கதைதான். போனோடு வந்த சாதாரண வயர் இயர்போன் இதைவிட மேல்.

இதிலிருந்து ஒரே முடிவுதான் வருகிறது. கால் என்பது நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள மட்டும். கேட்பவர்களுக்குப் போக வேண்டிய குரல், கெஸ்ட் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே, அவர் வாயருகே, நெட்டைத் தொடாமல் பதிவாக வேண்டும்.

இரண்டு போன் முறை

கெஸ்ட்டின் போனிலேயே காலும் பேசி, ரெக்கார்டரையும் ஓட விடலாமே என்று தோன்றும். முடியாது. கால் ஆப் மைக்கைப் பிடித்திருக்கும்போது ஆண்ட்ராய்டு மற்ற ஆப்புக்கு மைக்கைக் கொடுப்பதில்லை. சில போன்களில் ரெக்கார்டர் ஓடுவதாகவே காட்டும். ஒரு மணி நேரம் கழித்து ஃபைலைத் திறந்தால் உள்ளே எதுவும் இருக்காது. ஐபோனிலும் இதே தடை உண்டு. எனவே இரண்டாவது போன் கட்டாயம். கெஸ்ட்டின் மகனிடமோ மருமகளிடமோ ஒன்று இருக்கும். ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முதல் போனில் ஜூம் கால், வயர் இயர்போனோடு. உங்கள் குரல் அவர் காதுக்குள் மட்டும் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டால் அதுவும் இரண்டாவது போனில் பதிந்து, எடிட்டிங்கில் பிரிக்க முடியாமல் போகும். நெட் மோசமென்றால் இரு பக்கமும் வீடியோவை நிறுத்திவிடுங்கள். ஜூமை நான் சொல்வதற்குக் காரணம், உங்கள் லேப்டாப்பில் அது ஓர் உதிரிப் பதிவை எடுத்துவைக்கும் என்பதுதான். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கால் முடிந்துவிடும். நடுவில் ஒரு தண்ணீர் இடைவேளை விட்டு மறுபடி கூப்பிடுங்கள். இரண்டாவது போனின் ரெக்கார்டர் மட்டும் நிற்காமல் ஓடட்டும்.

இரண்டாவது போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் வரும் ஒரு கால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடும். ரெக்கார்டர் ஆப்பின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ் (மேலே சொன்ன 48,000 மாதிரி), மோனோ (ஒற்றைத் தடம்), வேவ் ஃபைல் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 350 எம்பி ஆகும். இடமோ நெட்டோ போதாது என்றால் எம்4ஏ என்ற சுருக்கிய வடிவம், 128 கிலோபிட். அது 60 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அது தாராளம். நான்கைந்து புத்தகங்களை அடுக்கி, மேலே மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் போனை வைக்கச் சொல்லுங்கள். மேசை அதிர்வை அந்தத் துண்டு தாங்கிக்கொள்ளும். போனின் அடிப்பகுதியில் சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மைக். அது வாயைப் பார்த்து, ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் ப, ட வரும்போதெல்லாம் காற்று அடிக்கும்.

இரண்டு போனுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி வேண்டும். சிக்னல் குறைந்த ஊர்களில் போன் 2ஜிக்கு இறங்கும்போது பக்கத்தில் இருக்கும் மைக் வயரில் 'டிர்ர்-டிக்டிக்' என்று ஒரு சத்தம் ஏறும். அதை அப்புறம் எடுக்கவே முடியாது. சார்ஜரையும் பிடுங்கிவிடுங்கள், எர்த் இல்லாத பிளக்கில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும்.

பேட்டிக்கு முன்னால் அரை நிமிடம் பேச வைத்து, அதை அவரையே போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இந்த ஒத்திகையைச் சங்கடப்பட்டுக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ரெக்கார்டரை ஓட விட்டு, கெஸ்ட் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை கை தட்டட்டும். ஜூம் தட்டலை இரைச்சல் என்று வெட்டினாலும், அந்த எண்ணிக்கை ஜூம் பதிவிலும் இருக்கும், அவர் ஃபைலிலும் இருக்கும். எடிட்டிங்கில் இரண்டையும் அடையாளம் பார்த்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஜூமில் வந்த கெஸ்ட் குரலை மௌனமாக்கிவிட்டால் போதும். முடிவிலும் ஒரு முறை அப்படியே எண்ணித் தட்டச் சொல்லுங்கள். காரணம், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகும். 50 பங்கானால் 180. இறுதித் தட்டல் தள்ளி நின்றால், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சில்லாத இடமாகப் பார்த்து வெட்டி நகர்த்துங்கள். ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் இது ஐந்து நிமிட வேலை.

ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்ற வழியில்தான் அனுப்ப வேண்டும். அப்படி 2 ஜிபி வரை போகும். போனை மேசையில் வைத்துவிட்டு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகவே பேசி அனுப்பச் சொல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆப் அதை நன்றாக நசுக்கிவிடுகிறது, வேண்டாம்.

லேப்டாப் வைத்திருக்கும் கெஸ்ட்டுக்கு

பெங்களூருக்காரருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ரிவர்சைட், ஜென்காஸ்டர் போன்ற தளங்களில் அவர் பக்கத்துக் குரலும் படமும் அவர் கணினியிலேயே பதிவாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கால் தடுமாறினாலும் பதிவு தடுமாறாது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: பேட்டி முடிந்ததும் "சரி, பை" என்று விண்டோவை மூடக் கூடாது. ஏற்றம் நூறு சதவீதம் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். முதலில் இலவச அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மாதம் இரண்டு பேட்டிக்கு மேல் போனால் மட்டும் சந்தா கட்டுங்கள்.

ஜூமில் 'ஒவ்வொருவருக்கும் தனி ஆடியோ ஃபைல்' என்ற வசதியை இயக்கினால் இதே பயன் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஃபைல்கள் தனித்தனியாக இருக்கும், அவ்வளவுதான். அவையும் நெட் வழியாக வந்து சேர்ந்த குரல்களே. வழியில் விழுந்தது அதிலும் விழுந்தே இருக்கும்.

அறை

மைக்கைவிட அறை முக்கியம். ஹால் வேண்டாம், துணி அலமாரி, மெத்தை, போர்வை இருக்கும் படுக்கையறை வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்தால் பாதி எதிரொலி போய்விடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் இதைக் கேட்பது கொடுமைதான், ஆகவே காலை ஆறரைக்கு வையுங்கள், அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை விசிறி இடைவேளை விடுங்கள். விவசாயி என்றால் போர்வெல் மோட்டார் ஓடும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை ஓர வீடுகளில் லாரிச் சத்தம் ஓயாது. அதன் அடித்தளம் தாழ்ந்த ஒலி என்பதால் எடிட்டிங்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு குறையும், ஹாரன் குறையாது. தகர ஷீட் வீடும் மழையும் சேர்ந்தால் தேதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நல்ல அறையே கிடைக்கவில்லையா? மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, இன்ஜின் அணைத்த கார் அருமையான ஸ்டுடியோ.

வீடியோ வேண்டும் என்றால்

ஒரு போன் படமும் எடுத்து, குரலும் பதிய வேண்டுமென்றால் ஒரு முரண் வரும். படத்துக்கு அது மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். குரலுக்கு ஒரு சாண். இதைத் தீர்ப்பது சட்டையில் குத்தும் வயர் மைக். ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்கும் போயா பிஒய்-எம்1-இன் வயர் 6 மீட்டர், தாராளமாக எட்டும். அதில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது, அது 'போன்' பக்கம் இருக்க வேண்டும். 'கேமரா' பக்கம் தள்ளிவிட்டு, மைக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. 3.5 மி.மீ. ஓட்டை இல்லாத போனுக்கு மைக்கையும் ஏற்கும் டைப்-சி இணைப்பான் வேண்டும். பாட்டு கேட்க மட்டும் செய்த மலிவு இணைப்பான்களில் மைக் வேலை செய்யாது. போனின் சொந்தக் கேமரா ஆப் வெளி மைக்கை எடுக்கிறதா என்று, மைக்கின் தலையை நகத்தால் தட்டிப் பதிந்து பார்த்துவிடுங்கள். மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தோள் துண்டும் தாலிச் செயினும் உரசாமல் இருக்கட்டும். பட்டுப் புடவை சரசரக்கும்.

செல்ஃபி கேமராவை விடப் பின்பக்கக் கேமராவே மேல். லென்ஸை முதலில் துடையுங்கள். அதில் எப்போதும் கைரேகை இருக்கும். கண் உயரத்தில், போனைக் கிடைவாட்டில் வையுங்கள். ஜன்னல் கெஸ்ட்டின் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. நம் பெரியவர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில்தான் உட்காருவார்கள். அந்த வெள்ளையைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப் போகும். திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். எல்இடி விளக்கில் படம் சிமிட்டினால், ஷட்டரை ஐம்பதில் அல்லது நூறில் ஒரு விநாடியாக வைத்தால் நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கு. 1080பி போதும். அதுவே ஒரு மணி நேரத்துக்கு 4 முதல் 8 ஜிபி வரை இழுக்கும், ஆகையால் போனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்தினமே கேளுங்கள். போன் வீடியோவின் பிரேம் வேகம் ஒரே சீராக இருக்காது. எடிட்டிங்கில் உதடும் குரலும் மெல்ல விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் போட்டு 'நிலையான பிரேம் வேகம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

செலவு

இரண்டு வயர் மைக், ஒரு டைப்-சி இணைப்பான், ஒரு வயர் இயர்போன், ஒரு சிறு ஸ்டாண்ட், ஒரு பக்கத்தில் அச்சடித்த வழிமுறை. எல்லாம் ஒரு பைக்குள். நாலாயிரத்துக்குள் முடியும். இந்தப் பையைப் பேட்டிக்கு மூன்று நாள் முன்னால் கூரியரிலோ பஸ்ஸில் போகிறவர் கையிலோ கெஸ்ட்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்குங்கள். உங்கள் பாட்காஸ்டுக்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை. மிச்சப் பணம் மிச்சமாகவே இருக்கட்டும்.

பழைய எபிசோடுகள்

அடோபி பாட்காஸ்ட், ஆஃபோனிக் போன்ற ஏஐ மென்பொருள்கள் நடுகல் ஆசிரியரின் எதிரொலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் முழு அழுத்தத்தில் ஓட்டாதீர்கள். பாதிக்கு மேல் போனால் குரல் பொம்மைக் குரலாகிவிடும். இன்னொரு ஆபத்து, இவை தெளிவில்லாத இடத்தில் சொல்லைத் தாமே சமைத்துவிடும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வட்டாரச் சொல் வரும் இடங்களையெல்லாம் மூலப் பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பொறியாளரின் குரல் கொஞ்சம் தெளியும். மா விவசாயியின் எபிசோடில் விழுந்த சொற்கள் திரும்பி வரா. அவரையே மறுபடி கூப்பிட்டு, அந்தக் கேள்விகளை மட்டும் இரண்டு போன் முறையில் மறுபதிவு செய்யுங்கள். கடைசியில் ஒலியளவு: ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16, மோனோவுக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. உங்கள் குரலும் கெஸ்ட் குரலும் ஒரே அளவில் இருந்தாலே பாதிப் பேர் புகார் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

சொல்லாமல் பதிவது

வேண்டாம். கூச்சம் போக ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள். பதிவாகிறது என்று தெரிந்தே பேசட்டும். பதினைந்து நிமிடத்தில் மைக்கை மறந்துவிடுவார்கள். 2017-இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கும் மேலே, இந்த இரண்டு மாவட்டங்களில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஒருவர் மனம் கசந்தால் அடுத்த பத்துப் பேர் உங்களிடம் பேச மாட்டார்கள்.

கூத்து வாத்தியாருக்கு வருகிறேன். இவரைத் தூரத்திலிருந்து பதிய வேண்டாம் என்பதே என் யோசனை. தர்மபுரி வழியாக பஸ்ஸில் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். கால் ஆப்கள் பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சலாகக் கருதி வெட்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் அதில் அடிபட்டுவிடும். போக முடியாவிட்டால் பையை அனுப்புங்கள், கூட ஒரு பேரனோ மாணவரோ உட்காரட்டும். பேச்சுக்குச் சட்டை மைக். பாட்டுக்கு அதைக் கழற்றிவிட்டு, போனை ஐந்தடி தள்ளி, குரலும் வாத்தியமும் சமமாக விழும் இடத்தில் வைக்க வேண்டும். மேடையில் மைக் இல்லாமல் பாடிப் பழகிய குரல் அது. பேச்சைவிடப் பல மடங்கு எகிறும். ஒத்திகையில் அவருடைய மிக உயர்ந்த சுருதியில் ஒரு விருத்தம் பாட வைத்து, ரெக்கார்டரின் ஒலி அளவுமானி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். உடைந்து பதிவான பாட்டை எந்த மென்பொருளும் ஒட்டாது.

பாடுகிறார் என்பதால் சட்டமும் வருகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி நிகழ்த்துபவருக்குத் தம் நிகழ்ச்சிமேல் 50 ஆண்டு உரிமை உண்டு. அவர் அனுமதியில்லாமல் பதியவோ பரப்பவோ முடியாது. எந்தத் தளத்தில் வரும், வருமானம் வந்தால் அவருக்கு என்ன என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலும் சம்மதம் சொல்லட்டும். ஃபைல் வந்ததும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, அவர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்து, நீங்கள் முதலிலிருந்து கடைசி வரை கேட்டு முடித்த பிறகே அந்தப் போனில் அழிக்கச் சொல்லுங்கள்.